நான் விளையாடாத என் கடைசி ஆட்டம்

லண்டனின் ஹரோவில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்காக இந்தக் கட்டுரையைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் என் சித்தப்பா. மலர்க்குழு என்றால் பெரும்பாலும் அவர்தான்.

"இந்த வருஷம் வாற கட்டுரை எல்லாம் வாசிக்க நெஞ்சை அடைக்குது பிள்ளை. கவிதையளும் அப்பிடித்தான். நீயாவது சந்தோசமாய் ஒண்டு எழுதித் தா" என்றார்.

ஊரில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் எங்கள் ஆட்களிடம் இப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதற்காகவே ஒப்புக்கொண்டேன். பிறகுதான் நிபந்தனைகள் வந்தன. பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி எழுத வேண்டும். ஆனால் அளவாகத் தர வேண்டும்; ஊக்கம் கூடிப்போய் யாராவது கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு ஹொக்கி மட்டையைத் தூக்கினால் பெற்றோர் சித்தப்பாவைச் சும்மா விடமாட்டார்கள். மூன்றாவது நிபந்தனை, என் கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். "முப்பத்தொரு தரம் மறிச்சியே, அந்த மட்ச்."

அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் சித்தப்பா எதிர்பார்க்கும் கட்டுரை இதுவல்ல.

நான் பதினான்கு ஆண்டுகள் தென்லண்டனில் ஒரு பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கோல்காப்பாளராக இருந்தேன். வார நாட்களில் உள்ளூராட்சிக் கவுன்சிலில் கார் நிறுத்தும் அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை. அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகத்தை நோக்கிக் கடினமான ரப்பர் வட்டு ஒன்றை அடிப்பார்கள். அந்த வட்டுக்குப் பக் என்று பெயர். இரண்டு வேலைகளில் எது கொடியது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் கவுன்சில் என்பேன். ஹொக்கியில் சம்பளம் கிடையாது, ஆனால் முகமூடி தருவார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுவிற்சர்லாந்தில் வளர்ந்தேன். அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்றார், அம்மா அதே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தார். பக்கத்தில் ஐஸ் அரங்கு இருந்தது. பள்ளி விட்டதும் என்னை அங்கே விட்டால் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்பதே என் விளையாட்டு வாழ்வின் தொடக்கம். எனக்குச் சறுக்க வரவில்லை. சறுக்க வராத பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்தினார்கள். என் இருபது வயதில், ஆங்கிலம் உள்ள நாடுதான் நல்லது என்று அப்பா முடிவெடுக்க, தென்லண்டனில் டூட்டிங்குக்கு வந்து சேர்ந்தோம்.

என் பெற்றோர் ஹொக்கியை எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு முதலில் அது என்னவென்று தெரிய வேண்டுமே. கோயிலில் யாராவது விசாரித்தால் "மகள் ஐஸிலை சறுக்குறவள்" என்பார் அம்மா. கேட்டவர்கள் நான் பளபளக்கும் குட்டைப் பாவாடையோடு இசைக்குச் சுழல்வதை நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்தமாட்டார். நானோ ஆண்களின் அளவில் தைத்த நெஞ்சுக் கவசமும், மெத்தையைக் கிழித்துக் கட்டியது போன்ற இரண்டு கால் கவசங்களும் மாட்டிக்கொண்டு பெரிய அலமாரி ஒன்று நடப்பது போல நடந்துகொண்டிருந்தேன். பதினான்கு ஆண்டுகளில் என் வீட்டார் ஒருவரும் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் பயிற்றுநர் மொரீன். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண். வார நாட்களில் ஒரு பஸ் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ஷிப்ட் போடுபவர். இருநூறு ஓட்டுநர்களின் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழகிய காதுகள் அவருக்கு. பயிற்றுநர் என்றால் கத்துவார், மட்டையை உடைப்பார் என்று நினைப்பீர்கள். மொரீன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உடைமாற்றும் அறைக்குள் வருவார். வெள்ளைப் பலகையில் பச்சைப் பேனாவால் அன்றைக்கு விளையாடுபவர்களின் பெயரை எழுதுவார். மூடியைச் சரியாக மூடுவார். வெளியே போய்விடுவார். பலகையில் பெயர் இல்லாதவர் அவரிடம் போய் ஏன் என்று கேட்கலாம், தடை இல்லை. "யோசித்துத்தான் எழுதினேன்" என்பார். பதினான்கு ஆண்டுகளில் அதற்குமேல் விளக்கம் பெற்றவர்களை நான் சந்தித்ததில்லை.

பயிற்சிக்கு எங்களுக்குத் தந்த நேரம் ஞாயிறு காலை ஆறு மணி. ஆண்கள் அணிக்கும் சிறுவர் அணிக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் ஐஸ் பெண்களுக்கு. அரங்கின் முகாமையாளர் இதைச் சமவாய்ப்பு என்பார். அவர் சொன்னது உண்மைதான். அந்த நேரத்துக்கு எழும்ப எல்லாருக்கும் சமமாகவே வெறுப்பாக இருந்தது.

2009 கோடையில் என் முழங்கால்கள் கணக்கை முடித்துக்கொண்டன. கோல்காப்பாளர் ஒரு ஆட்டத்தில் நூறு தடவையாவது முழங்காலில் விழுந்து எழும்ப வேண்டும். எனக்கு விழுவதில் குறையில்லை, எழும்புவதுதான் வரவில்லை. செப்டெம்பர் கடைசியில் ஒரு கோப்பை ஆட்டம் இருந்தது, எங்கள் அரங்கிலேயே, பிற்பகலில். அதோடு விடுகிறேன் என்று மொரீனிடம் சொன்னேன். "சரி" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்கான பிரியாவிடை உரை அவ்வளவுதான்.

அப்பாவை அந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னது அம்மா.

இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் அப்பா ஒவ்வொரு நாளும் டூட்டிங்கில் ரயிலேறிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், போரை நிறுத்தச் சொல்லி நின்றார். மழையிலும் நின்றார். பெரியம்மாவின் குடும்பம் வன்னிக்குள் இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு அப்பா எங்கேயும் போகவில்லை. அணைத்து வைத்த ரீவிக்கு முன்னால் இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"எங்கையாவது கூட்டிக்கொண்டு போ பிள்ளை. எங்கை எண்டாலும் பரவாயில்லை" என்றார் அம்மா. பதினான்கு ஆண்டுகளில் என் விளையாட்டுக்கு என் வீட்டில் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் அது: எங்கே என்றாலும் பரவாயில்லை.

அப்பாவும் அம்மாவும் ஹரோவிலிருந்து சித்தப்பாவும் வருவதாக முடிவாயிற்று. என்னை எப்படி அடையாளம் காண்பது என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டார்.

"கோலுக்குள்ள, முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறது நான்தான்" என்றேன். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆட்ட நாளன்று மொரீன் வந்தார், பச்சைப் பேனாவை எடுத்தார், கோல்காப்பாளர் என்ற இடத்தில் ஜோ என்று எழுதினார்.

ஜோவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வருடமாக என் மாற்று வீராங்கனை. வேகமானவள். முழங்கால்கள் புத்தம் புதியவை. நான் மொரீனின் பின்னால் வெளியே போனேன். அன்றைக்கு மட்டும் எனக்கு விளக்கம் கிடைக்கும் என்று நம்பினேன்.

"இது என் கடைசி ஆட்டம்" என்றேன்.

"தெரியும்."

"என் அப்பா வந்திருக்கிறார். முதல் தடவை."

மொரீன் சற்று யோசித்தார். "நல்லது. தேநீர் குடிக்கலாம், சான்ட்விச் மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "நீ நன்றாகச் செய்வாய். அவள் அதைவிட நன்றாகச் செய்வாள். இது கோப்பை ஆட்டம்."

யோசித்துத்தான் எழுதியிருந்தார். அதுதான் கொடுமை.

மாற்றுக் கோல்காப்பாளரின் வேலை கதவு திறப்பது. சிரிக்க வேண்டாம், அதற்கும் முறை இருக்கிறது. வீராங்கனைகள் உட்கார்ந்திருக்கும் வாங்குக்கும் ஐஸுக்கும் நடுவே இடுப்புயர மரக்கதவு ஒன்று உண்டு, உள்பக்கமாகத் திறக்கும். களைத்தவள் உள்ளே வரவும் அடுத்தவள் வெளியே பாயவும் அதைத் திறக்க வேண்டும். ஒரு விநாடி முந்தித் திறந்தால் பக் உள்ளே புகுந்து யாருடைய தாடையையாவது பதம் பார்க்கும். ஒரு விநாடி பிந்தினால் களைத்து வருபவள் கதவோடு மோதுவாள், பிறகு தமிழில் மொழிபெயர்க்க முடியாத சில சொற்களைச் சொல்வாள். கையில் ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள். எதிரணி கோலை நோக்கி அடிக்கும் ஒவ்வொரு அடியையும் கோடு போட்டு எண்ண வேண்டும். முழுக் கவசமும் மாட்டிக்கொண்டு நான் இதைச் செய்தேன். கல்யாணத்துக்கு உடுத்துக்கொண்டு போய் வாசலில் செருப்புக் காப்பது போல இருந்தது.

என் ஆட்கள் எதிர்ப்பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்கள். நான் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்திருந்தேன். அப்பா என்னைத் தேடுவார், வாங்கில் காண்பார், அவமானத்தைச் சேர்ந்து விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடத்தில் எதிரணிக்காரி ஒருத்தி தனியாக வந்தாள். ஜோ வலப்பக்கம் சாய்ந்து, கடைசிக் கணத்தில் இடது காலை நீட்டி மறித்தாள். அரங்கில் மொத்தம் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஆங்கிலேயர்கள் மரியாதையாகக் கை தட்டினார்கள். அதற்கு மேலாக ஒரு குரல் கேட்டது.

"விடாதை பிள்ளை! விடாதை!"

அப்பா எழும்பி நின்று இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார். ஜோவைப் பார்த்து.

கோலுக்குள் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது நான்தான் என்று சொன்னது யார்? நானேதான்.

ஜோ அடுத்ததையும் மறித்தாள். அப்பா பக்கத்தில் இருந்த ஒரு முதிய ஆங்கிலேயரின் தோளில் தட்டி, கோலைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். என் மகள் என்று சொல்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அப்பா குரலை உயர்த்தி நான் கேட்கவில்லை. அம்மா சிரித்தும் காணவில்லை.

நான் முகமூடியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். என் பதினான்கு ஆண்டு விளையாட்டு வாழ்வில் மிக விரைவாக நான் எடுத்த முடிவு அதுதான்.

கடைசியான மூன்றாவது பகுதியில் நாங்கள் மூன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றோம். இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது மொரீன் என் பின்னால் வந்து நின்றார்.

"போகிறாயா?" என்றார். "கடைசி இரண்டு நிமிடம். உனக்காக."

அந்தப் பெண்ணிடம் இதயம் என்று ஒன்று இருந்ததை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். அதையும் தவறான நேரத்தில் வெளியே எடுத்தார். நான் போனால் என்ன நடக்கும்? இவ்வளவு நேரமும் மலைபோல் நின்ற மகளை ஏனோ வெளியே எடுத்துவிட்டு, வேறு எவளோ ஒரு தடிச்சியை உள்ளே விடுவதை அப்பா பார்ப்பார். அந்த எவளோ நான். அப்பா எனக்கு எதிராகக் கூச்சலிடக்கூடும். அதோடு, ஒரு கோலும் விடாமல் ஒரு ஆட்டத்தை முடிப்பது கோல்காப்பாளருக்குப் பெரிய விஷயம். அது ஜோவுக்கு முதல் தடவை.

"வேண்டாம். அவளே முடிக்கட்டும்" என்றேன்.

மொரீன் என்னை உற்றுப் பார்த்தார். பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். பாதிதான் அது.

என் தாளில் முப்பத்தொரு கோடுகள் இருந்தன.

ஆட்டம் முடிந்து உடை மாற்றி வெளியே வந்தேன். அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இவ்வளவு நாளும் விளங்கேல்லை பிள்ளை. இவ்வளவு பெரிய வேலையெண்டு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை!"

"எத்தினை தரம் மறிச்சனி?" என்று சித்தப்பா கேட்டார்.

"முப்பத்தொண்டு" என்றேன். எண்ணிக்கையாவது உண்மை.

அப்போதுதான் ஜோ, ஈரத் தலைமயிரோடு, தன் பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா அன்றைக்கு உலகத்தில் எல்லாருடனும் நட்பாக இருந்தார். "நீங்களும் இந்த அணியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜோ அப்பாவைப் பார்த்தாள். அவர் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

"ஆம்" என்றாள் ஜோ. "நான் கதவு திறப்பவள்."

"அதுவும் முக்கியமான வேலைதான்" என்று அப்பா ஆறுதல் சொன்னார். அம்மா கொண்டுவந்திருந்த மரக்கறி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினார். "சாப்பிடுங்கள். ஒருநாள் உங்களுக்கும் விளையாட வாய்ப்பு வரும்."

ஜோ நன்றி சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். இப்போதும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு விடியப் பயிற்சிக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவின் நிலைமையையும் சொன்னேன். அவள் குனிந்து சறுக்குச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை" என்றாள். "என் அம்மாவுக்கு வார இறுதியில் எப்போதும் வேலை. எனக்காக யாரும் வருவதில்லை. யாரோ ஒருவருடைய அப்பாவாவது எனக்காகக் கத்தினாரே."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் ஆழமாக ஏறியது. அவளுடைய மிகச் சிறந்த நாளை நான் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்திருக்கிறேன்.

அதற்கிடையில் அப்பா டூட்டிங்கில் மரக்கறிக் கடைக்காரர் தொடங்கிக் கோயில் ஐயர் வரைக்கும் முப்பத்தொன்றைச் சொல்லி முடித்திருந்தார். சித்தப்பா ஹரோவில் மேடை ஒழுங்கு செய்து, எனக்குப் பொன்னாடை போர்த்தும் ஏற்பாட்டில் இருந்தார். பதினான்கு ஆண்டுகள் உண்மையாக விளையாடியபோது ஒரு கைக்குட்டைகூடக் கிடைத்ததில்லை.

மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்டைக்குக் கோலுக்குள்ள நிண்டது நானில்லை" என்றேன்.

அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "பிறகு ஆர்?"

"ஜோ. நீங்கள் ரோல்ஸ் குடுத்த பிள்ளை."

"அப்ப நீ எங்கை நிண்டனி?"

"கதவடியில."

அம்மா குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார். அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பொய்க்காக, வெட்கத்துக்காக, ஐயரிடம் இனி என்ன சொல்வது என்பதற்காக. அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"அதுதானே உன்ரை கடைசி மட்ச்?"

"ஓம் அப்பா."

"அப்ப பதினாலு வருஷத்தில உன்ரை விளையாட்டை நான் ஒருக்காலும் பாக்கேல்லை, என்ன?"

"இல்லையப்பா."

அவர் எழும்பிக் கை கழுவினார். அளவுக்கு மீறி நேரம் எடுத்துக் கழுவினார். பிறகு திரும்பாமலே கேட்டார். "அந்த விடியக்காலைப் பயிற்சி இருக்கெல்லே, அதுக்கு நீ இன்னும் போறனியோ?"

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கு அவர் தொப்பியும் கம்பளிக் கோட்டுமாகக் காருக்குள் இருந்தார். அரங்கில் மொரீனிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பலகைக்குப் போய், ஜோவின் பெயரை முழங்கையால் அழித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

நான் கோலுக்குள் நின்றேன். எல்லாரும் அடித்தார்கள், ஜோவும் ஒரு மட்டையை வாங்கிக்கொண்டு அடித்தாள். யாரும் இரக்கம் காட்டவில்லை. மொரீன் காட்ட விட்டிருக்கவும் மாட்டார். சிலதை மறித்தேன். ஒன்றைக் கையால் பிடித்தது நல்ல பிடிதான், அதை யார் வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார்கள். மற்றவை உள்ளே போயின. ஒவ்வொரு தடவையும் ஒரு கையை ஐஸில் ஊன்றித்தான் எழும்பினேன். அப்பா கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தார். ஒரு தடவையும் கத்தவில்லை.

முடிந்ததும் அவர் முதலில் ஜோவிடம்தான் போனார். தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்க வேண்டும். நீங்கள்தான் கோல்காப்பாளர் என்று எனக்குத் தெரியாது. மிகவும் நன்றாக மறித்தீர்கள்" என்றார். ஜோ முகம் சிவந்து நின்றாள். அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டு, நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அது அவருடைய முடிவு, என்னிடம் கேட்கவில்லை.

சித்தப்பா, பொன்னாடை வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் போர்த்துங்கள். அவளுக்கு மேடை பிடிக்குமோ தெரியாது, கேட்டுப்பாருங்கள்.

திரும்பும் வழியில் அப்பா காரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்.

"அந்தப் பிள்ளை உன்னைவிடத் திறம்."

"தெரியும்."

"நீ விழுந்தால் எழும்பக் கனநேரம் எடுக்குது."

"முழங்கால் அப்பா."

"நோகுதோ?"

"ஓம்."

"எத்தினை வருஷமாய்?"

"ஆறு."

விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். அப்பா காரை எடுக்காமல், குனிந்து ஹீட்டரின் வாயை என் கால் பக்கமாகத் திருப்பிவிட்டார். அது பழைய கார். ஹீட்டரிலிருந்து குளிர்காற்றுத்தான் வந்தது.

"இப்ப சுகமாய் இருக்கோ?" என்றார்.

"இல்லையப்பா, குளிருது" என்றேன்.

ஹீட்டரை நிறுத்திவிட்டுக் காரை எடுத்தார்.